கீரைக்கட்டுத் தூண்கள்

கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரோமாபுரித் தூண்களை இடுக்கிக்கொண்டு லோரியிலிருந்து இறங்குகிறார் சீனி முகம்மது. ஒவ்வொன்றும் எட்டடி உயரம். பார்த்தால் ஒரு கோட்டையையே தாங்கும் போலிருக்கும். மண்டபத்து வாசலில் நிற்கும் மாப்பிள்ளை வீட்டார் யாராவது பதறிப்போய்க் கைகொடுக்க ஓடிவருவார்கள்.

"பாத்து அண்ணே, பாத்து!"

"நீங்க பாத்து வாங்க தம்பி. காத்தடிச்சா தூணு என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரும்லா."

ஃபைபர் தூண். உள்ளே ஒரு குழாய், வெளியே வெள்ளைச் சாயம், அவ்வளவுதான். ஐம்பத்து மூன்று வயதுக்கு அவருடைய தொப்பை தூணைவிடச் சுற்றளவு கூடியது. யாராவது அதைப் பார்த்துவிட்டால் அவரே முந்திக்கொள்வார்: "நானும் தூணும் ஒரே ஜாதி. வெளிய பாக்கத்தான் வெயிட்டு, உள்ள ஒண்ணுமே கெடையாது."

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், மாக் மண்டினில் ஒரு தகரக் கொட்டகை அவருடைய தொழிற்கூடம். கல்யாண மேடை அலங்காரம் வாடகைக்கு விடுகிறார். இந்துக் கல்யாணமானால் மணவறை, முஸ்லிம் கல்யாணமானால் பெலாமின். தூண் ஒன்றுதான், துணியின் நிறம் மாறும். பூவும் திரையும் மனைவி சித்தி ஹாஜராவின் பொறுப்பு.

தூண்களில் மூன்று ரகம். தலையில் ஒன்றுமில்லாதது 'மொட்டை'. இரண்டு பக்கமும் சுருள் வைத்தது 'ஆட்டுக்கொம்பு'. தலை முழுக்க இலை இலையாகச் செதுக்கியது 'கீரைக்கட்டு'. படித்தவர்கள் இவற்றுக்குக் கிரேக்கப் பெயர்கள் சொல்வார்கள். அவை சீனி முகம்மதுவின் நாக்கில் நிற்பதில்லை. வாடிக்கையாளர் வந்தால் கீரைக்கட்டுப் பக்கம்தான் அழைத்துப் போவார்.

"இது ராஜா காலத்து டிசைன். எந்த ராஜான்னு கேக்காதீங்க, எனக்குச் சொந்தக்காரன் இல்ல. இந்த இலையெல்லாம் ஏன் கீழ பாக்குது தெரியுமா? கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குத் தலை குனிஞ்சு சலாம் வைக்குது."

பத்தொன்பது வருடமாக இந்த வசனம் பலித்தது. போன மார்ச் மாதம்தான் அதற்குச் சோதனை வந்தது.

சாந்தினி என்ற பெண், கல்லூரியில் கட்டடக்கலை சொல்லிக்கொடுப்பவள், தன் கல்யாணத்துக்கு மேடை கேட்டு வந்தாள். ஜார்ஜ் டவுனில் யாரோ ஒரு பழைய சீனப் பணக்காரத் தவுக்கேயின் மாளிகையை வாடகைக்குப் பிடித்திருந்தாள். கொட்டகைக்குள் நுழைந்ததும் நேராகக் கீரைக்கட்டுத் தூண்களிடம் போய் நின்றாள்.

"பன்னெண்டும் வேணும் அண்ணே. இதே மாதிரி. எதையும் மாத்தாதீங்க."

இவ்வளவு சுலபமாக ஒரு வியாபாரம் முடிந்ததில் அவருக்கு ஒரே பெருமை. மறுநாள் காலை மேடைக்கு அளவெடுக்கப் பாலம் கடந்து தீவுக்குப் போனார். மாளிகை முகப்பில் ஆறு சுண்ணாம்புத் தூண்கள். அளவு நாடாவின் நுனியை ஒன்றின் அடியில் மிதித்துக்கொண்டு உயரம் பார்க்க அண்ணாந்தார்.

அதே கீரைக்கட்டு. ஆனால் இலைகள் மேல்நோக்கி விரிந்திருந்தன.

அடுத்த தூணைப் பார்த்தார். அதுவும் அப்படியே. ஆறையும் பார்த்தார். தெருவில் இறங்கி எதிர்வரிசைக் கடைவீடுகளின் மாடிகளைப் பார்த்தார். அங்கே சுவரோடு ஒட்டியிருந்த சின்னத் தூண்களிலும் இலை மேலேதான் பார்த்தது. அகலப் பக்கம் மேலே, குறுகிய பக்கம் கீழே. பினாங்கில் பிறந்து வளர்ந்த மனிதர். கடைவீடுகளின் கீழே ஓடும் இந்த ஐந்தடி நடைபாதைகளில் ஐம்பது வருடமாக நடந்திருக்கிறார். ஒரு நாளும் கழுத்தைத் தூக்கியதில்லை.

"அலாமாக்!" என்றார். நாடா கையிலிருந்து நழுவிச் சுருண்டு ஓடியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். ஹாஜரா முதலில் நம்பவில்லை. கைப்பேசியில் எடுத்துவந்த படத்தைப் பார்த்துவிட்டு, கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"சிரி புள்ள, நல்லா சிரி. பினாங்குல பாதிப் பேரு கல்யாண ஆல்பத்துல தூணு தலைகீழா நிக்குது."

"யாரு உங்களை அப்பிடி மாட்டச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. ஈப்போவில் கடையை மூடிய ஒருவரிடம் மொத்தமாக வாங்கிய சாமான் அது. தலை தனி, உடம்பு தனியாகப் பெட்டிகளில் வந்தது. அகலமான பக்கம் அடியில் இருந்தால்தானே நிற்கும் என்று அவருக்குத் தோன்றியது. மேலே வந்த குறுகிய பக்கத்தில், அலங்காரத்துக்கு வைக்கும் பூச்சட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. சலாம் கதை பின்னால் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவருக்கே நினைவில்லை.

"இத்தனை வருஷம் யாரும் கண்டுபிடிக்கல. பேசாம விட்டுருங்க" என்றார் ஹாஜரா.

"இந்தப் பொண்ணு அதையே பாடமா நடத்துறவ. மேடையில ஏறி ஒக்காந்து ஒரு தடவை நிமிந்து பாத்தாப் போதும்."

மறுநாள் காலை கொட்டகையில் உட்கார்ந்து பன்னிரண்டு தலைகளையும் கழற்றினார். பிசின் வைத்து ஒட்டியது, எளிதில் வரவில்லை. இரண்டு தலைகளில் இலை நுனி உடைந்தது. திருப்பி மாட்டினால் பூச்சட்டி ஆடியது. மத்தியானத்துக்குள் ஐந்தைத் திருப்பி மாட்டியிருந்தபோது, திரைத்துணி நிறம் பார்க்கச் சாந்தினி வந்துவிட்டாள்.

"அண்ணே, என்ன செய்றீங்க? எதையும் மாத்தாதீங்கன்னு சொன்னேன்ல?"

சீனி முகம்மது திருப்புளியைக் கீழே வைத்தார். சலாம் வசனம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னார். "தப்பு என்னுதுதான்மா. தலைகீழா மாட்டி வச்சிருந்தேன். நேத்துத்தான் கண்ணு தெறந்துச்சு."

"எனக்குத் தெரியும் அண்ணே."

"தெரியுமா?"

"ஆறு வருஷமாத் தெரியும். எங்க அக்கா கல்யாணத்துல நீங்கதான் மேடை போட்டீங்க. அப்பவே பாத்தேன். போட்டோ எடுத்து வருஷா வருஷம் கிளாஸ்ல காட்டுறேன்."

தன்னைத்தானே கேலி செய்துகொள்வது சீனி முகம்மதுவுக்குச் சோறு சாப்பிடுவது மாதிரி. பிறர் ஆறு வருடமாக, தனக்குத் தெரியாமல், ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள் என்பது வேறு. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் தானே உட்கார்ந்துகொண்டார்.

"கிளாஸ்ல பசங்க சிரிச்சானுங்களா?"

"நான் சொன்னப்புறம்தான் சிரிச்சாங்க. சொல்ற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல."

அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சாந்தினி கைப்பேசியில் தன் பாடத்தின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். முதலில் கிரேக்கர்களின் தூண், கூரையைத் தாங்குவதற்கு. பிறகு ரோமானியர்கள் அதையே எடுத்துச் சுவரில் பாதியாக ஒட்டிக்கொண்டார்கள், தாங்குவதற்கு ஒன்றுமில்லாத இடத்திலும்.

"அப்பவே ஆரம்பிச்சிட்டானுங்களா நம்ம வேலையை?"

"அப்பவேதான். அப்புறம் ஆயிரம் வருஷம் கழிச்சு இத்தாலிக்காரங்க இடிஞ்சு கெடந்ததை அளந்து பாத்துத் திரும்பக் கட்டினாங்க. அவங்க பேரப்பிள்ளைங்களுக்கு அது போதல, தூணையே முறுக்கினாங்க, தங்கம் பூசினாங்க. அதுக்கப்புறம் வந்தவங்களுக்கு அது ஓவராப் போச்சு, பழையபடி சுத்தமா வேணும்னாங்க. வெள்ளைக்காரன் அதை மெட்ராசு, கல்கத்தான்னு கட்டிட்டு இங்கயும் கொண்டாந்தான். இங்க தவுக்கேங்க சீனக் கூரைக்குக் கீழ அதே தூணை வச்சாங்க. சாந்து பூசின கொத்தனாருங்க இந்த இலைச் செடியைக் கண்ணாலயும் பாத்திருக்க மாட்டாங்க. சில எடத்துல பாத்தா முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும் அண்ணே."

கடைசிப் படம் அவருடைய தூண். சிவப்புத் திரைக்கு முன்னால், பூச்சட்டியைச் சுமந்துகொண்டு, இலைகளைத் தொங்கப்போட்டு நின்றது. அடியில் ஏதோ எழுதியிருந்தது.

"என்ன போட்டிருக்கு?"

"பினாங்கு, செய்தவர் பெயர் தெரியவில்லைன்னு."

சீனி முகம்மது அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "அப்படியே இருக்கட்டும்மா. போலீஸ் தேடினாலும் மாட்ட மாட்டேன்" என்றார். சிரித்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை.

"கல்யாணத்துக்கு எனக்குப் பழையபடிதான் வேணும்" என்றாள் சாந்தினி. "எங்க அக்கா கல்யாணத்துல எங்கப்பா இந்தத் தூணுல சாஞ்சு நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாரு. இப்ப அவரு இல்ல."

சீனி முகம்மது திருப்புளியை எடுத்து ஐந்து தலைகளையும் மறுபடியும் கழற்றத் தொடங்கினார்.

கல்யாணத்தன்று முகப்பில் ஆறு தூண்கள் இலைகளை மேலே விரித்து நின்றன. உள்ளே பன்னிரண்டு தூண்கள் இலைகளைக் கீழே தொங்கவிட்டு நின்றன. சீனி முகம்மது கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிரியாணியைத் தொடாமல், வருகிறவர்களின் கழுத்தையே கவனித்துக்கொண்டிருந்தார். நானூறு பேரில் ஒருவர் மட்டும் அண்ணாந்து பார்த்தார். அவரும் மின்விசிறியைத் தேடியவர்.

பிற்பகல் தூண்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பட்டுப்புடவையோடு சாந்தினியே வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தன.

"பேரைச் சரியா எழுதிக் குடுங்க அண்ணே. அடுத்த மாசம் கிளாஸ்ல போடணும்."

"வேணாம்மா. தப்பா மாட்டினவனுக்கு என்ன பேரு?"

அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. லோரியின் முன்னிருக்கையில் இருந்த ஹாஜரா, "எழுதுங்களேன்" என்றார்.

சீனி முகம்மது கையை முழுக்கால்சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். தாளை லோரியின் பக்கப் பலகையில் வைத்து, நாக்கு நுனியைக் கடித்தபடி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கீழே கொஞ்சம் சின்னதாக, சித்தி ஹாஜரா என்றும் எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு தாளை மெதுவாகத் திருப்பி, அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் நேராக இருக்கும்படி வைத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.