வால் தட்டும் தெரு

"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்று ஊரில் யார் யாரைக் கேலி செய்தாலும் வண்டியக்கா திரும்பிப் பார்ப்பாள். நாய்களுக்காக நாளெல்லாம் ஓடுகிறவள் அவள் ஒருத்திதான் என்பதால், அந்தப் பழமொழியில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அவள் எண்ணம்.

அவள் ஓட்டுவது நகராட்சி வண்டி இல்லை. ஊரில் பலருக்கு இது தெரியாது. வேலியில் ஆடு தலையை மாட்டிக்கொண்டாலும், பள்ளிக்கூட வாசலில் நாய் படுத்துக்கொண்டாலும் மக்கள் நகராட்சிக்குத்தான் போன் போடுவார்கள். நகராட்சி அந்த அழைப்பை அப்படியே ஊர்க்கோடிக்குத் தள்ளிவிடும். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிராணிகள் காப்பகம் இருக்கிறது. நல்ல மனது உள்ள சிலர் சேர்ந்து நடத்துவது. சொந்தமாகக் கூண்டு கட்டி, ஆள் போட்டு, வைத்தியர் வைத்துப் பார்ப்பதைவிட, காப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டுத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுவது நகராட்சிக்குச் சுலபம். தலை என்றால் காப்பகத்தின் கேட்டைத் தாண்டி உள்ளே வந்த தலை. கேட்டுக்கு வெளியே என்ன நடந்தாலும் சல்லிக்காசு கிடையாது.

வண்டியக்கா அதற்கு முன்பு ஒரு சலவைக்கடைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். காப்பகத்து டிரைவர் கால் ஒடிந்து படுத்தபோது, அவர் எழுந்து வரும்வரை என்று சொல்லி வந்தவள். அவருக்குக் கால் கூடியது, வேறு நல்ல வேலையும் கூடியது. இவள் தங்கிவிட்டாள். வரும்போது சலவைக்கடைப் பழக்கம் ஒன்றையும் கூடவே கொண்டுவந்துவிட்டாள். அங்கே துணி மாறிப்போனால், வீடு வீடாக நின்று "இது உங்களுதா பாருங்க" என்று கேட்டு, உரியவர் கையில் கொடுத்த பிறகுதான் கடைக்குத் திரும்புவாள். நாய்க்கும் அதே சட்டம்தான்.

பிஸ்கட்டைக் காட்டி நாயை வண்டியின் பின்பக்கம் ஏற்றுவாள். பக்கத்துத் தெருக்களில் மெல்ல ஒரு சுற்று சுற்றுவாள். சொந்தத் தெரு வந்ததும் நாய் எழுந்து நின்று வாலை ஆட்டும். வால் பக்கத்துத் தகரத்தில் பட்டுத் தட் தட்டென்று சத்தம் வரும். எந்த வாசலில் சத்தம் உச்சத்துக்குப் போகிறதோ அங்கே பிரேக். நாயை இறக்கிவிட்டு, வீட்டுக்காரரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு, கதவுக் கொண்டியைத் தானே ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புவாள். வால் தட்டாத நாய்கள் மட்டும்தான் காப்பகம் வந்து சேரும்.

இதனால் ஊர் நன்றாக இருந்தது. காப்பகம்தான் நொண்டியது. கூண்டுகள் காலியாகக் காலியாக, நகராட்சியிலிருந்து வருவதும் இளைத்துக்கொண்டே போனது.

ஒருநாள் காலையில் மேனேஜரம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மேனேஜரம்மா உட்காரச் சொன்னாலே நல்ல சேதி இல்லை என்று அர்த்தம்.

"அக்கா, ஒப்பந்தம் முடியப் போகுது. வெளியூர்க் கம்பெனி ஒண்ணு பாதி விலைக்குச் செய்யறேன்னு எழுதிக் கொடுத்திருக்கு. நம்ம கிட்ட வேலையே குறைஞ்சுபோச்சுன்னு கவுன்சிலருங்க பேசிக்கிறாங்க."

"வேலை குறையல மேடம். நாய் குறைஞ்சிருக்கு."

"அதைத்தான் அவங்களும் சொல்றாங்க. நாளைக்கு நகராட்சி ஆய்வாளர் வந்து நாள் முழுக்க உங்க வண்டியில உட்காரப் போறார். நாளைக்கு ஒரே ஒரு நாள், பிடிச்சதெல்லாம் நேரா கேட்டுக்குள்ள வரணும். தெரு சுத்தக் கூடாது."

"நான் எங்க சுத்தறேன்? வழியில இருக்கு, போறேன்."

"நம்ம வழி அஞ்சு நிமிஷம். உங்க வழி ஊருக்கே மாலை போட்டுட்டு வருது. சேர்மன் தலையில கை வெச்சுச் சொல்லுங்க."

சேர்மன் என்பது காப்பகத்து நாய். ஒற்றைக் கண், ஓயாத குறட்டை. யார் வந்தாலும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதுபோல் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தத்தெடுக்க இதுவரை ஒருவரும் வரவில்லை, இனியும் வரப்போவதில்லை. ஒப்பந்தம் போனால் காப்பகம் மூடப்படும். வெளியூர்க் கம்பெனிக்கு இப்படிப்பட்ட கிழடுகளை வைத்துக்கொள்ள இடமும் கிடையாது, மனமும் கிடையாது. வண்டியக்கா குனிந்து சேர்மன் தலையில் கை வைத்தாள். சேர்மன் கையை நக்கியது. சத்தியம் கனமாகிவிட்டது.

அன்று மாலை வீட்டில் மகள் தன் வேலைக்குப் போடும் கறுப்புச் சட்டையிலிருந்து ஒட்டும் டேப்பால் நாய் முடியை எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கடையில் வேலை. வருகிறவர்கள் கண்ணாடி போட்டதும் முதலில் பார்ப்பது அவள் சட்டையைத்தானாம். கணவர் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தீயணைப்பு நிலையத்தில் வண்டி ஓட்டுகிறவர்.

"என்ன, முகம் தொங்கிக் கிடக்கு? நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லையா?"

"உங்களுக்கு மட்டும் வேலை இருந்துச்சாக்கும். இன்னிக்கு என்ன பண்ணினீங்க?"

"சீட்டாடினோம்."

"நேத்து?"

"நேத்துத் தோத்தேன்."

"வேலையும் இல்ல, படுக்க நேரமும் இருக்கு. மாசம் பிறந்தா சம்பளம். கொடுத்து வெச்ச மனுஷன்."

மறுநாள் ஆய்வாளர் வந்தார். இஸ்திரி கலையாத பேண்ட். முன் சீட்டில் ஒரு துணிப்பையை விரித்து, அதன்மேல் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். முதல் அழைப்பு நூலகத்திலிருந்து வந்தது. படிக்கட்டில் ஒரு செம்பட்டை நாய் குறுக்கே படுத்துக்கொண்டு, படிக்க வருகிறவர்களைத் தாண்டவைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பிஸ்கட்டில் அது வண்டியேறிவிட்டது.

"இனி நேரா காப்பகம்தான் சார்," என்றாள் வண்டியக்கா. வாய்தான் சொன்னது. கை, தன் பழக்கப்படி, இடதுபக்கம் திருப்பிவிட்டது.

கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் பின்னால் தட் தட்டென்றது.

"என்ன சத்தம்?"

"ஸ்டெப்னி சார். சரியா மாட்டல போல."

தட்தட்தட்தட்.

"ஸ்டெப்னி ரொம்ப சந்தோஷமா இருக்கே," என்றார் ஆய்வாளர்.

அதற்குமேல் மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. வாலையும் தெருவையும் சலவைக்கடையையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். சத்தியத்தை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

"அப்போ வீட்டுல விட்டா உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. கூண்டுல போட்டா உண்டு."

"ஆமா சார்."

"தெரிஞ்சும் வீட்டுல விடறீங்க?"

"வீடு தெரிஞ்ச பிறகு கூண்டுல எப்படி சார் போடறது? அது சாப்பிடாம கிடக்கும். வீட்டுக்காரன் தேடி அலைவான். கடைசியில அவன் கிட்டத்தான் கொடுக்கப் போறோம். நடுவுல எதுக்கு அந்தச் சுத்து?" கொஞ்சம் சூடாகவே தொடர்ந்தாள். "எங்க வீட்டுக்காரர் ஃபயர் ஸ்டேஷன்ல இருக்கார். இந்த வாரம் ஒரு தீ கிடையாது. சீட்டாடறார், தூங்கறார். யாராவது சம்பளத்துல பிடிச்சாங்களா? தீக்கு இவ்வளவுன்னு எண்ணிக் கொடுத்தா, மாசக் கடைசியில அவரே தீப்பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவார்."

ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். பின்னால் சத்தம் உச்சத்துக்கு ஏறியது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. வீடு வந்துடுச்சு!" என்று ஆய்வாளரே கத்தினார்.

நின்ற இடம் ஒரு இறைச்சிக்கடை. வண்டியக்கா பெருமையோடு கதவைத் திறந்தாள். "இந்தாங்க, உங்க நாய்."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "என் நாயா? இது என் எதிரிம்மா! கண்ணசந்தா எலும்போட ஓடிடும். இதைப் பிடிச்சுட்டுப் போங்கன்னு போன் போடலாம்னு இருந்தேன், நீங்க வீடு தேடிக் கொண்டாந்து இறக்கறீங்க!"

வால் தட்டியது வீட்டுக்காக இல்லை, எலும்புக்காக. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு தப்பை அவள் செய்ததில்லை. அதுவும் ஆய்வாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா! முகம் சுண்டிப்போய் நாயை மறுபடி ஏற்றினாள். ஆய்வாளருக்கோ விளையாட்டுச் சூடு பிடித்துவிட்டது. "விடுங்க, அடுத்த தெரு பார்ப்போம்," என்றார். துணிப்பை எப்போதோ நழுவிக் காலடிக்குப் போயிருந்தது.

அடுத்த தெருவில் ஒரு தையற்கடை வாசலில் வால் மறுபடி முழங்கியது. தையற்கார அம்மா அளவு நாடாவோடு ஓடிவந்தார். "ராணி! எங்கடி போனே?"

"ஆண் நாய்ங்க இது," என்றார் ஆய்வாளர்.

"தெரியும் சார். பேரு வெச்ச பிறகுதான் பார்த்தேன். மாத்த மனசு வரல."

"சரி, லைசென்ஸ் எடுத்திருக்கீங்களா?"

நாய் வளர்ப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நகராட்சியில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அந்தப் பணம் காப்பகத்துச் செலவுக்குத்தான் போகும். ஆனால் எடுக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தையற்கார அம்மாவின் முகம் மாறியது. "என் நாய்னு யாரு சொன்னா? சும்மா வந்து படுக்கும், போகும்."

"அப்போ நாங்க கொண்டுபோறோம்."

"ஐயோ, என் ராணியை எங்க சார் கொண்டுபோறீங்க?"

இந்தக் கூச்சலைக் கேட்டு எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் வெளியே வந்தார். "தம்பி! காலையில பால் குடிக்க வரலையே, எங்கடா போனே?" அவரிடமும் லைசென்ஸ் பற்றிக் கேட்டார்கள். அது தையற்கடை நாய் என்று சத்தியம் செய்தார். இவர்கள் மாற்றி மாற்றி யாருடைய நாய் என்று பேசிக்கொண்டிருந்தபோது, நாய் குதித்திறங்கி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிழலாக ஒரு இடம் பார்த்துச் சுருண்டுகொண்டது.

அன்று முழுக்க இப்படித்தான். வேலியில் சிக்கிய ஆடு விடுபட்டதும் நன்றிகூடச் சொல்லாமல் ஓடியது. குழாய்க்குள் அழுத பூனை, ஆட்களைப் பார்த்ததும் தானே வெளியே வந்தது. மாலையில் மேனேஜரம்மா கேட்டருகே நின்று வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பேண்டெல்லாம் முடியோடு ஆய்வாளர் மட்டும் இறங்கினார்.

"ஒரு கோழி கூடவா அக்கா கிடைக்கல?" என்றார் மேனேஜரம்மா, அழாத குறையாக. சேர்மன் வந்து நடுவில் உட்கார்ந்தது. வண்டியக்கா அதன் கண்ணைப் பார்க்கவில்லை.

ஒப்பந்தத்தை முடிவு செய்யும் நகராட்சிக் கூட்டத்துக்கு அவள் கணவரையும் துணைக்கு வரச் சொல்லியிருந்தாள். அவர் வேலையிலிருந்து நேராக, காக்கிச் சட்டையோடு வந்து கடைசி வரிசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆய்வாளர் எழுந்தார்.

"நான் போன அன்னிக்கு வண்டி வெறும் வண்டியாத்தான் திரும்புச்சு."

வண்டியக்கா முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

"ஆனா வந்த அழைப்பு ஒண்ணுகூட மிச்சம் இல்ல. அந்தம்மா வேலை பார்க்கிறது தெருவுல. நாம காசு கொடுக்கிறது கூண்டுக்கு. வெளியூர்க் கம்பெனி பாதி விலைதான், ஆனா கண்ணுல பட்டதையெல்லாம் உள்ள போடும். கூட்டிப் பார்த்தா நமக்கு அதிகமாத்தான் ஆகும்."

"அதுக்காகக் காலிக் கூண்டுக்குக் காசு கொடுக்கச் சொல்றீங்களா?" என்றார் ஒரு கவுன்சிலர்.

"ஃபயர் ஸ்டேஷனுக்குத் தீயை எண்ணியா கொடுக்கிறோம்? இந்த வாரம் பூரா சீட்டுதான் ஆடியிருக்காங்க. சம்பளம் கொடுக்கலையா?"

மண்டபமே திரும்பிக் காக்கிச் சட்டையைப் பார்த்தது. "யாரு சொன்னது?" என்று கணவர் பல்லைக் கடித்தார். வண்டியக்கா மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

இழுபறிக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் நீண்டது. வண்டிக்கும் ஆளுக்கும் போனுக்கும் மாதாமாதம் ஒரு தொகை, உள்ளே வரும் தலைக்குத் தனியாகக் கொஞ்சம். மிச்சத்தை லைசென்ஸ் பணத்தில் தேற்ற வேண்டும். வீட்டில் நாயை இறக்கிவிடும்போதே வண்டியக்கா லைசென்ஸையும் எழுதிவிட வேண்டும். லைசென்ஸ் ஏறாவிட்டால் அடுத்த வருடம் வெளியூர்க் கம்பெனிதான்.

"நாய் பிடிக்கறது சுலபம் மேடம். இனிமே மனுஷங்களைப் பிடிக்கணும்," என்றாள் அவள். அன்று சேர்மனுக்கு ஒரு பிஸ்கட் அதிகமாகக் கிடைத்தது.

முதல் லைசென்ஸ் எழுத அவள் நேராகப் போனது அந்தத் தெருவுக்குத்தான். தையற்கார அம்மாவையும் தபால்காரரையும் வண்டிக்கருகில் நிற்கவைத்து, "எடுத்தா இங்க இருக்கும், எடுக்கலைன்னா என்கூட வரும்," என்றாள். ஆளுக்குப் பாதி என்று முடிவானது. சத்தம் கேட்டுப் பக்கத்துத் தெரு இறைச்சிக்கடைக்காரரும் வந்து நின்றார். விஷயம் தெரிந்ததும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "மூணா போடுங்க. எதிரின்னாலும் பழகின எதிரி," என்றார்.

"நாய் பேரு?"

"ராணி."

"ஆம்பளை நாய்க்கு ராணியா? தம்பின்னு எழுதும்மா."

"திருடன்னு எழுதுங்க. அதுதான் பொருத்தம்."

மூவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வண்டியக்கா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் அவளே ஒரு பெயரை எழுதி, மூவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். வண்டியைக் கிளப்பிவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு குரல் கொடுத்தாள்.

"ஸ்டெப்னி! தெருவை விட்டுப் போகக் கூடாது, என்ன?"

நிழலில் படுத்திருந்த நாய் எழுந்துகூடப் பார்க்கவில்லை. வாலை மட்டும் தையற்கடைக் கதவில் தட் தட்டென்று தட்டியது.