பெடல் வேலை செய்யாத ஸ்டியரிங்

1. கவுன்ட்டர் மாற்றம்

பல வருடம் சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்து மதர்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்த என்னை, ஒரு திங்கட்கிழமை காலையில் முதலாளி கேமிங் கவுன்ட்டருக்கு மாற்றினார். அங்கே இருந்த பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். காந்திபுரத்தில் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்கு அந்தக் கவுன்ட்டர்தான் வியாபாரம்.

“சரசு, கண்ணாடி கேபினெட்டு, கலர் லைட் ஃபேன், இதையெல்லாம் முன்னாடி எடுத்து வை. பசங்க கண்ணு மொதல்ல அதுலதான் போகும்” என்றார்.

எனக்கு கேம் எதுவும் தெரியாது. எந்த பார்ட் எதனால் சாகும் என்பது மட்டும் தெரியும்.

மதியம் வந்த முதல் கஸ்டமர் பையன் இல்லை. நாற்பது வயதுப் பெண். ஸ்பின்னிங் மில் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பெயர் ஈஸ்வரி, ஊர் அன்னூர்ப் பக்கம்.

“ஏனுங்கக்கா, லாரி ஓட்டற கேம் ஓடற மாதிரி கம்ப்யூட்டர் கெடைக்குமுங்களா?”

“பையனுக்குங்களா?”

“இல்லீங்க. எங்கூட்டுக்காரருக்கு.”

கணவர் முருகேசன் லாரி டிரைவர். லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கால் வழுக்கிக் கீழே விழுந்தவர். அதன் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

“எந்நேரமும் போன்ல லாரி போற வீடியோதானுங்க பாக்கறாரு. அது கம்ப்யூட்டர் கேமுன்னு மில்லுல ஒரு புள்ள சொல்லுச்சு. பேச்சே கொறஞ்சு போச்சுங்கக்கா. கேட்டா ஒரு வார்த்தை, கேக்காட்டி அதுவுமில்ல.” கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “அம்பதாயிரத்துக்குள்ள முடியுமுங்களா?”

2. எதை வெட்டுவது

சாதாரணமாக கேமிங் செட் என்றால் பாதிப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போய்விடும். ஆனால் லாரி கேம் துப்பாக்கி கேம் மாதிரி கார்டைப் போட்டு வதைக்காது. நடுத்தரமான புராசஸர், பதினாறு ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, போன மாடல் கார்டு ஒன்று இருந்தால் ஓடும். கேபினெட் சாதா தகரப் பெட்டி போதும். உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் நான் கை வைக்கவில்லை. தோட்டத்து மோட்டார்கள் ஓடும் ஊரில் கரண்ட் ஏறி இறங்கும். மட்டமான எஸ்எம்பிஎஸ் போனால் தனியாகப் போகாது, போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

மானிட்டர் போட்டால் கணக்கு தாண்டியது.

“ஊட்ல டிவி இருக்குங்களா?”

“பெரிய டிவிங்க. இப்ப யாரு பாக்கறா?”

பட்டியலில் மானிட்டரை அடித்துவிட்டேன். மிச்சம் ஸ்டியரிங்குக்குப் போகும் என்று நினைத்தேன். புது ஸ்டியரிங் செட் விலையைச் சொன்னதும் ஈஸ்வரி முகம் சுருங்கியது.

“கீபோர்டுல ஓட்டுனா ஆகாதுங்களா?”

ஆகும். ஆனால் வருடக்கணக்காக லாரி ஓட்டியவர் கையில் நான்கு பட்டனைக் கொடுத்தால், அது அவருக்கு வெறும் கம்ப்யூட்டர்தான், வண்டி ஆகாது.

அப்போதுதான் சர்வீஸ் ரேக்கில் கிடந்த ஒரு ஸ்டியரிங் ஞாபகம் வந்தது. யாரோ எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் போனது. பெடல் செத்துவிட்டது, ஸ்பேர் கிடைக்காது, அதனால் விலை போகவில்லை. நான் அதைக் கொண்டு வந்து மாட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் சுத்தமாக இருந்தது. அதன் பின்னால், விரல் படுகிற இடத்தில், இரண்டு பட்டைச் சுவிட்சுகள். கியர் மாற்ற வைத்தவை. வலது சுவிட்சை ஆக்ஸிலேட்டர் ஆக்கினேன், இடதை பிரேக் ஆக்கினேன். கியரை ஆட்டோமேட்டிக்கில் போட்டேன். ஓடியது.

அதைக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். பெடல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

“பெடல் இல்லாத ஸ்டியரிங்கைத் தலையில கட்டிட்டேன்னு நாளைக்கு சண்டைக்கு வந்தா?”

ஓட்டப் போகிறவருக்குக் கால் வராது என்ற விஷயத்தைச் சொன்னேன்.

“சரி, குடுத்து உடு. நீயே ஒரு எட்டு போயி மாட்டிக் குடுத்துட்டு வந்துரு.”

3. அன்னூர்

ஞாயிற்றுக்கிழமை போனேன். முருகேசன் வீல்சேரில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “வாங்க” என்றார். அந்த ஊர் மனிதர்களுக்கு எவ்வளவு மனக்கஷ்டத்திலும் அது வந்துவிடும். பெட்டியைப் பிரித்ததும் மனைவியைப் பார்த்தார்.

“எதுக்கு ஈஸ்வரி இதெல்லாம்? சின்னப் பசங்க வெளயாட்டு.”

ஈஸ்வரி சமையல்கட்டுக்குள் போய்விட்டார். நான் என் வேலையைப் பார்த்தேன். டிவியை கேம் மோடில் போட்டு, ஸ்டியரிங்கை மேஜையில் முறுக்கி, டெஸ்ட் பண்ண நானே உட்கார்ந்தேன். பெரிய டிரைலர் வண்டி. எனக்கு ஸ்கூட்டியே பயம். ரிவர்ஸ் எடுக்கப் போய் ஒரு சுவரில் இடித்தேன், திரும்ப எடுத்து மறுபடியும் அதே சுவரில் இடித்தேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. “ஏனுங்க, டிரைலருக்கு ரிவர்ஸ்ல எதிர்ப்பக்கம் ஒடிக்கோணுமுங்க.”

எதிர்ப்பக்கம் ஒடித்தேன். மூன்றாவது தடவையும் சுவர்தான்.

“அட, கொஞ்சம் நவுறுங்க.”

வீல்சேர் கை மேஜையில் முட்டியது. வெளியே கிடந்த செங்கல்களை எடுத்து வந்து மேஜையின் நான்கு காலுக்கும் அண்டக் கொடுத்து உயர்த்தினேன். இப்போது சேர் உள்ளே போனது. சுவிட்சைக் காட்டிக் கொடுத்தேன். பிடித்தார். வண்டி கரடுமுரடான ரோட்டில் ஏறியதும் ஸ்டியரிங் அதிர்ந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

“நடுங்குதுங்க.”

“ஆமாங்க. ரோடு கையில தெரியும்.”

மறுபடி பிடித்தார். இந்த முறை விடவில்லை. நகரத்தைத் தாண்டினார், பாலத்தைத் தாண்டினார். உதடு மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. நான் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போடுவதற்குள் “ஈஸ்வரி!” என்று சத்தமாகக் கூப்பிட்டார்.

ஈரக் கையோடு பயந்து ஓடி வந்தார் ஈஸ்வரி.

“அந்தச் சேர இழுத்துப் போட்டு எடப்பக்கம் உக்காரு. கட்டிட்டு வந்ததுலிருந்து ஒருக்காக்கூட உன்னைய வண்டீல கூட்டிட்டுப் போனதில்ல.”

“அடுப்புல சோறு வேகுதுங்க.”

“அதை ஆஃப் பண்ணிப்போட்டு வா. ரொம்ப தூரம் போறோம்.”

ஈஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு சொல்லாமலே கிளம்பி வந்தேன்.

4. கற்றது

சில மாதம் கழித்து ஈஸ்வரி கடைக்கு வந்தார். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கக்கா. தூரத்துல மலை, மரமெல்லாம் மங்கலாத் தெரியுது. நல்லாத் தெரியற கார்டு என்ன வெலைங்க?”

“அவரு கேட்டாருங்களா?”

“அவரு ரோட்டத்தானுங்க பாப்பாரு” என்றார். “வேடிக்கை பாக்கறது நானு.”

கவுன்ட்டருக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பட்ஜெட் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், விளையாடப் போவது யார், அவருக்குக் கை எப்படி, கால் எப்படி என்று கேளுங்கள். அதைக் கேட்டாலே எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று பாதி தெரிந்துவிடும். பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்றும் கேளுங்கள். மீதியும் தெரிந்துவிடும்.