பில்லில் வளர்ந்த நாய்

கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் நாய் கிடையாது. ஒருநாளும் வளர்த்ததில்லை. ஆனால் தண்ணீர் பில் மாதக்கணக்கில் 'அங்காரான்' என்றே வந்தது. மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாகப் போடுகிற கணக்குக்கு மலாயில் அதுதான் பெயர். இரண்டு பேர் புழங்கும் வீட்டுக்குக் கல்யாண மண்டபத்துக்கு வருகிற தொகை. மீட்டரைப் படம் பிடித்துக்கொண்டு தண்ணீர் அலுவலகக் கவுண்டருக்குப் போனேன்.

அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துச் சொன்னாள்: "உங்க வீட்டுல நாய் இருக்கு அக்கா. அதான் மீட்டர் பாக்குறவரு உள்ள வர முடியல."

"எங்க வீட்டுல நாயே இல்லம்மா."

"சிஸ்டத்துல இருக்கு லா."

மீட்டர் படத்தை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. நாய் இல்லை என்பதற்குப் படம் கொண்டுவரச் சொன்னாள். இல்லாத நாயை எந்தப் பக்கமிருந்து படம் எடுப்பது? புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, பில்லைக் கட்டாமல் திரும்பினேன்.

புகாருக்குப் பதில் வரவில்லை. நோட்டீஸ் வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் இணைப்பை வெட்ட ஒருவர் வந்தார். கேட்டைத் தானே திறந்து, விசிலடித்தபடி நேரே மீட்டரிடம் போய்க் குனிந்தார்.

மீட்டர் பார்க்க வந்தவரை விரட்டிய நாய், இவரைக் கண்டு வாலாட்டியிருக்க வேண்டும்.