உப்பில்லாக் கஞ்சி

செல்லின் வெளியே மிகுந்தும் உள்ளே குறைந்தும் நிற்கும் சோடியம், அணைநீர் போலச் சேமித்து வைத்த ஆற்றல். அதன் பாய்ச்சலே குடலில் சர்க்கரையையும் தண்ணீரையும் உள்ளே இழுக்கிறது என்று திண்டுக்கல் பேச்சுப்போட்டி மேடையில் முழங்கி முதற்பரிசு பெற்றவன் நான்.

மறுநாள், ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை சுமக்கும் அப்பா வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தார்.

"கஞ்சில ரெண்டு கல்லு உப்புப் போடு, கண்ணு."

"பிரஷர்காரருக்கு உப்பு ஆகாதுப்பா. பேசாமக் குடிங்க" என்று அதட்டினேன்.

மாலைக்குள் நினைவிழந்தார்.

"வெறுங்கஞ்சியா குடுத்தீங்க? உப்பில்லாம உடம்புல தண்ணி எப்படிங்க ஏறும்?" என்றார் மருத்துவமனைச் செவிலியர்.

அது என் உரையின் மூன்றாம் பத்தி. அப்பா மீளவில்லை. கைதட்டல் வாங்கிய அந்தப் பத்தியை இன்றும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பேன். கஞ்சிப் பாத்திரத்தின் முன் நின்றபோது மட்டும் அது எனக்கு நினைவு வரவில்லை.