பூவின் நடுவில் ஒரு போல்ட்டு

காரை ஜோடித்துப் பாட்டோடு ஊர்வலம் விடும் எஸ்பானியோலா ஊரில் காரில் பாட்டு நின்றுவிட்டால் ஒர்லிந்தா ஆர்ச்சுலேட்டாவிடம்தான் போவார்கள். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி, வாயைத் திறந்தால் மிளகாய். "பாட்டு இல்லாம மெதுவா ஊர்ந்து போற காருக்குப் பேரு சவ வண்டி" என்பாள். பாட்டுப்பெட்டி, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப், ஸ்பீக்கர், ஒயர் என்று முப்பது வருடமாக இதுதான் அவள் பிழைப்பு.

அந்தப் பிழைப்பைத் தொடங்கி வைத்தவர் கார் பெயிண்டர் நசாரியோ. பொம்பளை ஒயர் இழுப்பதாவது என்று ஊர்க் கடைகளெல்லாம் அவளை வாசலோடு அனுப்பிய காலத்தில், அவர் மட்டும் கப்பல் மாதிரி நீண்ட தன் பழைய காரின் சாவியைத் தூக்கிப் போட்டார். ஊரே கண் வைத்த கார் அது. "கெடுத்தா கெடு, திரும்பச் செஞ்சுக்கலாம்" என்றார். அவள் கெடுக்கவில்லை. மறு வாரமே நாலு பேர் அவளைத் தேடி வந்தார்கள். அதற்கு இன்றுவரை அவள் நன்றி சொன்னதில்லை. வாயெடுத்தாலே மனிதர் கிண்டலில் இறங்கிவிடுவார்.

செப்டம்பர் மாத ஞாயிறு. தெருவெல்லாம் மிளகாய் வறுக்கும் வாசனை. காலை பத்து மணிக்கு அதே கார் அவள் கொட்டகைக்கு வந்தது. ஓட்டி வந்தது நசாரியோவின் மனைவி பெர்சாபே. பக்கத்து சீட்டில் நசாரியோ. அவருக்கு நடுக்குவாதம், திங்கட்கிழமை லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார். பன்னிரண்டு மணிக்குக் கோயில் வாசலிலிருந்து கார்கள் நடை வேகத்தில் ஊர்வலம் போகும். அன்றோடு அவர் ஸ்டியரிங் பிடிப்பது சரி.

"விளக்கு எரியுது, எழுத்து ஓடுது, சத்தம் மட்டும் வரல. எங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டா இருப்பாரே, அதே மாதிரி" என்றாள் பெர்சாபே.

"நீ விட்டாத்தானேடி நான் பேச?" என்றார் நசாரியோ.

ஒர்லிந்தா குமிழ்களைத் திருகிப் பார்த்தாள். ஃபியூஸ் நன்றாக இருந்தது. டிக்கியைத் திறந்தாள். ஆம்ப்பின் சின்ன விளக்கு எரியவில்லை. மீட்டரை வைத்தாள், பேட்டரியிலிருந்து கரண்ட் வந்தது, பெட்டியிலிருந்து ஆம்ப்பை எழுப்பும் மெல்லிய ஒயரிலும் வந்தது. மிச்சம் எர்த் ஒயர்தான். அது காரின் இரும்பைத் தொடவேயில்லை என்றது மீட்டர்.

போன குளிர்காலத்தில் நசாரியோ அந்த டிக்கித் தரைக்குப் பெயிண்ட் அடித்தார். ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்தொன்பது பூச்சு அடர்சிவப்பு, அதன்மேல் தங்கக் கோட்டில் பூக்கள். அதற்கப்புறம் அவர் கைக்குப் பிரஷ் அடங்கவில்லை. ஆம்ப்பைத் திரும்ப மாட்டியது ஒர்லிந்தா. எர்த் போல்ட்டின் ஓட்டை ஒரு பூவின் நட்டநடுவில் இருந்தது. பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது. அதைச் சுரண்டி, இரும்பைக் காட்டி, அப்புறம்தான் முடுக்க வேண்டும். பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த பாடம். அவளுக்குக் கை வரவில்லை. பெயிண்ட் மேலேயே வைத்து இறுக்கிவிட்டாள். போல்ட்டின் மரை எங்கோ இரும்பைத் தொட்டதில் சில மாதம் ஓடியது. இப்போது அதுவும் விட்டுவிட்டது.

"அண்ணே, தப்பு என்னோடது" என்று எல்லாவற்றையும் சொன்னாள். "கீழ வழியா வேற ஒயர் இழுத்துடறேன். பூவத் தொட வேணாம்."

"எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு மணி நேரம்."

மணி பதினொன்று ஆகிவிட்டிருந்தது.

"ஊர்ல உள்ளவன் காரையெல்லாம் நறநறன்னு சுரண்டுவே. என் காருக்கு மட்டும் கை கூசுதாக்கும்?" என்றார் நசாரியோ.

"இனிமே இந்தப் பூவ யாருண்ணே போடுவா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. நசாரியோ மெல்ல இறங்கி வந்து கையை நீட்டினார்.

"அந்தச் சுரண்டியக் குடு புள்ள."

போல்ட்டைக் கழற்றிவிட்டுக் கொடுத்தாள். பெர்சாபே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூவின் நடுவில் சுரண்டி படபடவென்று ஆடியது. சிவப்புத் தூள் பறந்தது.

"கோடு போடத்தான் இந்தக் கை ஆகாது. சுரண்டறதுக்கு இதவிடத் தோதான கை ஊர்லயே கிடையாது. சும்மா வச்சுக்கிட்டா போதும், அதுவே வேலை பாக்குது பாரு!"

பெர்சாபே சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். காசளவு இரும்பு பளிச்சென்று தெரிந்தது. ஒர்லிந்தா ஒயரை வைத்து முடுக்கினாள். ஆம்ப்பின் விளக்கு எரிந்தது. அடுத்த நொடி கிட்டாரும் எக்காளமும் கொட்டகைத் தகரத்தை அதிர வைத்தன.

"முன்னாடி ஏறு புள்ள. வழியில பாட்டு நின்னுச்சு, உன்னத்தான் உதைப்பேன்" என்றார் நசாரியோ. பெர்சாபே பின்சீட்டுக்குப் போனாள்.

ஊர்வலத்தில் அவர் ஒரு கையால் ஓட்டினார். மறு கை ஜன்னலுக்கு வெளியே. தெரு முழுக்க ஆட்கள் கையசைத்தார்கள். அந்தக் கை பதிலுக்கு அசைந்தது. அது அசைப்பா நடுக்கமா என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சாவி கையில் விழாமல் போயிருந்தால் தான் என்னவாகியிருப்போம் என்று ஒர்லிந்தா நினைத்தாள். நெஞ்சு நிறைந்து தளும்பியது. "ரொம்ப நன்றிண்ணே" என்றாள், வாய்விட்டு.

பாட்டு அலறிய அலறலில் அது அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. சத்தத்தைக் குறைக்கும் குமிழ் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் குறைக்கவில்லை.