களை என்று பிடுங்கியது

என் வீட்டுக்காரருக்குத் தோட்ட வேலை. முப்பது வருடமாக ஒரு மருத்துவமனையின் புல்வெளியையும் பூச்செடிகளையும் பார்த்துக்கொள்கிறார். களையைக் கண்டால் மனிதரின் கை சும்மா இருக்காது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட வாசலில் குனிந்து நாலு புல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். எனக்கு மானம் போகும்.

மகள் நர்சிங் படிக்க விடுதிக்குப் போனபோது, ஆசை ஆசையாக வளர்த்த மீன்களை அவரிடம்தான் ஒப்படைத்தாள். அவள் போன மாதமே கண்ணாடித் தொட்டி விரிசல் விட்டது. "இதுங்களுக்குக் குளமே வெட்டிடறேன் பாரு" என்று கொல்லையில் பள்ளம் தோண்டி, தார்ப்பாய் விரித்து, தண்ணீர் நிரப்பினார். செடிக் கடையில் மூன்று அல்லித் தொட்டிகளோடு, தண்ணீருக்குள்ளேயே வளரும் பாசிச்செடியும் ஒரு பை கொடுத்தார்கள். மீனுக்கு இதுதான் முக்கியம் என்று கடைக்காரர் சொன்னது என் காதில் விழுந்தது. இவர் காதில் விழவில்லை.

பாசி பத்தே நாளில் தழைத்தது. பூவும் இல்லை, மணமும் இல்லை. மொத்தத்தையும் பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டார். அல்லி பூக்கட்டும் என்று தொட்டிக்குத் தொட்டி எரு வேறு வைத்தார்.

ஒரே வாரத்தில் தண்ணீர் பச்சைக் குழம்பாகிவிட்டது. இன்று விடிந்ததும் பார்த்தால், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ஆறு மல்லாந்து மிதந்தன. பதறிப்போய்க் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, அந்தப் பாசிதானே தண்ணிக்குக் காத்து குடுக்குது! அதைப் போய் யாராவது பிடுங்குவாங்களா? எரு வேற போட்டீங்களா? நாளைக்குத்தான் சரக்கு வரும். அதுவரைக்கும் தண்ணியை மாத்துங்க, உயரத்திலேர்ந்து ஊத்திக்கிட்டே இருங்க."

ஓடிப்போய்க் குப்பைக்குழியைக் கிளறினார். எல்லாம் சருகாகியிருந்தது. அதையும் வாரிக்கொண்டு வந்தார்.

"அதை வச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்று கத்தினேன். கோபம் கோபமாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. இருவரும் வாளி வாளியாக ஊற்றினோம். மதியத்துக்குள் இன்னும் ஒன்பது போய்விட்டன. செத்ததையெல்லாம் ஒரு வாளியில் எடுத்துப் போட்டேன்.

அப்போதுதான் மகள் கூப்பிட்டாள். "நீ பேசு" என்று போனை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டேன்மா. நல்ல செடியைக் களைன்னு பிடுங்கிட்டேன். மீனெல்லாம்..."

"வெள்ளைவாலு இருக்காப்பா?" என்றாள். முதன்முதலாக அவள் தன் கையால் வாங்கி வந்த மீன் அது.

அவர் வாளியைப் பார்த்தார். அந்த வெள்ளை வால் மேலாகவே கிடந்தது. என்னைப் பார்த்தார்.

"இருக்கும்மா" என்றார்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.