நடந்த மீனும் தவக்கால வெள்ளியும்

வற்றிய கடலின் சேறு வெயிலில் காயும்போது எழும் அந்தப் புளித்த மணம் மூக்கில் ஏறினால், சொந்த உழைப்பால் மூன்று வள்ளமும் ஒரு மீன்வாடிக் கொட்டிலும் உண்டாக்கிய எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மண்டைதீவில் என்னைப்போல முன்னுக்கு வந்த இன்னொருவனைக் காட்டுங்கள் பார்ப்போம். ஆனால் என் முதல் மீன்பாடு பூனைக்குப் போனது.

நான் பள்ளிக்கூடம் போன காலம்; வேதக்காரர் நாங்கள் இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை அது. கடும் காற்றால் என்னைப் பெற்ற ஐயா கடலுக்குப் போகவில்லை, "குசினி"யில் கறிக்கு ஒன்றுமில்லை. கண்டல் மரங்களின் அடியில் நெஞ்சுச் செட்டைகளைக் கைபோல ஊன்றிச் சேற்றில் நடந்து திரியும் மீன்களைத் துரத்திப் பிடித்து, "பறி"க்கூடை நிறையக் கொண்டுவந்து அம்மாவின் முன் வைத்தேன். அதில் ஒன்று வெளியே குதித்து அடுப்படிவரை நடந்துபோனது. அதுதான் வினை.

"மாதாவே, நடக்குது! கால் இருந்தா இறைச்சியெல்லோ. தவக்காலத்து வெள்ளியிலை இறைச்சி காய்ச்சிறதோ?" என்றார் அம்மா.

"மீன்தானணை" என்று நான் அழ, அண்ணன் சிரித்தான்: "டேய், உன்ர மீனுக்குச் செருப்பு வாங்கேல்லையோ?" அம்மா முழுவதையும் பூனைக்குக் கொட்டிவிட்டார்.

போன மாதம், உயிரினங்களைப் பற்றிப் படித்த என் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் சொன்னபடி, மிக ஆதிகாலத்தில் சதைப்பிடிப்பான செட்டை கொண்ட மீன்கள் இருந்தனவாம். அந்தச் செட்டைக்குள் நம் கையில் உள்ளதுபோலத் தோளடியில் ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, பிறகு சின்னச் சின்ன எலும்புகள் என்று இருந்தனவாம். ஆடு, மாடு, நாம் எல்லோரும் அந்த வழியில்தான் வந்தோமாம். அவற்றில் ஒரு வகை இன்னும் ஆழ்கடலில் நடக்காமல் நீந்திக்கொண்டிருக்கிறதாம்.

"அப்ப என்ர மீன்?"

"அது அந்த வழி இல்லை, அப்பா. நடந்தாலும் அது கால் இல்லை, வெறும் செட்டை. முழு மீன்."

"அப்ப ஆட்டிறைச்சிதான் அந்தக் கால்மீன்ர வழியோ, பிள்ளை?"

"ஓமப்பா!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்னதுதான் சரியென்று ஆன நேரத்தில் கேட்க அம்மா இல்லை. பிரான்சில் இருக்கும் அண்ணனுக்குப் போன் எடுத்தால், "செருப்பு வாங்கினியோ?" என்று அதே பகிடி. அந்த மீனொன்றைப் பிடித்து அறுத்துக் காட்டுவோமென்றால் கண்டலை வெட்டி, சேற்றுக்குக் கிரவல் மண் கொட்டி மூடிவிட்டார்கள்.

கடைசியில் சேமக்காலைக்குப் போய், அம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி, "எணை அம்மா, அது மீன்தான்" என்றேன். காற்று திரியை அணைத்தது. திரும்பக் கொளுத்திவிட்டு, இன்னும் உரக்கச் சொன்னேன்.